இருபது ஆண்டுத் திட்டமும் சித்திரை மாதத்து ஆளியும்

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுப் பின்விறாந்தைச் சுவரில் இருக்கும், கூரைச் சூரியத் தகடுகளின் மின்சாரத்தைப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வேர்ட்டரின் ஆளியை நான் கீழே இழுத்து நிறுத்தினேன். கூரைச் சூரியத் தகடுகளை 13ஆம் திகதி தொடக்கம் 21ஆம் திகதி வரை நாள்தோறும் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை நாடு முழுவதும் உள்ள வீட்டுக்காரர்களைக் கேட்டிருந்தது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடக்கும் விடுமுறைக் காலத்தில் மின்சாரத் தேவை வெகுவாக இறங்கிவிடும். வெயிலோ உச்சத்தில் நிற்கும். தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் உள்ளே வந்தால் முழு மின்வலையமைப்பும் தளம்பிப்போகும். இதுவே அவர்கள் சொன்ன காரணம், அது சரியான காரணமும்கூட. இரண்டு மாதங்களுக்கு முன், பெப்ரவரி 9ஆம் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் மின்சாரமின்றி நிறுத்தியதை நாங்கள் மறந்திருக்கவில்லை. ஆகவே எந்த மனக்குறையும் இல்லாமல்தான் ஆளியை இழுத்தேன். இன்வேர்ட்டரின் பச்சை விளக்கு அணைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற பேரன், “ஏன் அப்பப்பா, நல்ல வெயிலுக்கே நிப்பாட்டுறீங்கள்?” என்று கேட்டான்.

திருகோணமலையில் முப்பது ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு வணிகக்கல்வி கற்பித்தவன் நான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அவன் கேள்விக்கு உண்மையான விடை வெயிலிலும் இல்லை, குரங்கிலும் இல்லை. அது ஒரு காகிதக் கட்டில் இருக்கிறது. நாட்டின் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எந்த மின் நிலையம், எந்த ஆண்டில், எந்த எரிபொருளில், எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று இலங்கை மின்சார சபை தயாரித்து, இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்துக்கு அனுப்பி வந்த ஆகக்குறைந்த செலவு நீண்டகால மின்பிறப்பாக்கல் விரிவாக்கத் திட்டமே அந்தக் காகிதக் கட்டு. ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்க ஒன்று எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது: எங்கள் நாட்டில் ஒழுங்குறுத்தல் என்பது திட்டத்தை அங்கீகரிக்கும் நாளில் தொடங்கி, அன்றைக்கே முடிந்துவிடுகிறது. மேற்பார்வை மிகவும் வேண்டியிருப்பது அதற்கு மறுநாளிலிருந்துதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் இந்த ஏற்பாடு எப்படி அமைந்தது என்று பார்க்க வேண்டும். மின்சார சபை 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மின்சாரத்தைப் பிறப்பிப்பது, உயர் அழுத்தக் கம்பிகளில் கடத்துவது, வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது, எதிர்காலத்துக்குத் திட்டமிடுவது ஆகிய எல்லாமே ஒரே கூரையின் கீழ் இருந்தன. அந்தக் கூரைக்கு வெளியே நின்று கேள்வி கேட்கும் அமைப்பாகப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கியபோதிலும், மின்சாரத்துறையில் அதற்கு உண்மையான பிடி கிடைத்தது 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்துக்குப் பிறகுதான். 2013ஆம் ஆண்டுத் திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட நீண்டகாலத் திட்டத்துக்கு அமையவே புதிய மின் நிலையங்களைக் கொள்வனவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை இறுக்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, இருபது ஆண்டுகளை முன்னோக்கி, திட்டம் புதுப்பிக்கப்படும், சபை எழுதும், ஆணைக்குழு பொதுமக்களிடமும் கருத்துக் கேட்டு முடிவெடுக்கும். எழுத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாட்டை எளிதில் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டின் உயிர் ‘ஆகக்குறைந்த செலவு’ என்ற சொற்களில் இருக்கிறது. எதிர்வரும் இருபது ஆண்டுகளில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். அந்தத் தேவையை நிறைவேற்றக்கூடிய மின் நிலையங்களின் பல சேர்க்கைகளைக் கணினி நிரல் ஒன்றில் இட்டு, கட்டுமானச் செலவு, எரிபொருட் செலவு, பராமரிப்புச் செலவு யாவற்றையும் இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து கூட்டினால், எந்தச் சேர்க்கையின் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அது அடிப்படைத் திட்டமாகிறது. கேட்பதற்கு எண்கணிதம் போலத் தோன்றும். ஆனால் வணிகக்கல்வி படித்த எந்த மாணவனுக்கும் தெரியும், இத்தகைய கணக்கின் விடை, முன்கூட்டியே சரியென்று வைத்துக்கொள்ளும் எடுகோள்களில்தான் தீர்மானமாகிறது.

ஓர் உதாரணம் மட்டும் தருகிறேன். இந்தத் திட்டங்களில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்த கழிவு வீதம், அதாவது வருங்காலச் செலவை இன்றைய பெறுமதிக்குச் சுருக்கும் ஆண்டு வீதம், 10 சதவீதம். வகுப்பில் கரும்பலகையில் நான் போட்டுக் காட்டிய கணக்கின்படி, அந்த வீதத்தில் இருபது ஆண்டு கழித்துச் செலவாகும் ஒரு ரூபாயின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 15 சதம். அணை கட்டவும் காற்றாலை நிறுத்தவும் காசு முழுவதையும் இன்றைக்கே கொட்ட வேண்டும். அதனால் அவற்றின் செலவு முழுவதாகக் கணக்கில் ஏறும். எண்ணெயில் ஓடும் நிலையமோ இன்றைக்கு மலிவாக நட்டுவிடலாம். அதன் பாரம் ஆண்டாண்டாக வாங்கும் எண்ணெயில் இருக்கிறது. அந்தப் பாரத்தில் பின்னாளில் வரும் பகுதி கழிவு வீதத்தால் தேய்ந்து மிகச் சிறிதாகத் தெரியும். அதற்கு மேல், எரிபொருட் செலவு டொலரில் கணிக்கப்படுகிறது. 2022இல் சில வாரங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது, டொலர்க் கணக்கில் எதுவும் மாறாமலே மக்களின் கட்டணப் பட்டியலில் எல்லாமே மாறிவிட்டது. ஆகவே ஆணைக்குழு உண்மையாகவே மேற்பார்வை செய்ய வேண்டுமானால், கூட்டல் சரியா என்று பார்ப்பதோடு நிற்காமல், கழிவு வீதம், எரிபொருள் விலை எதிர்வுகூறல், தேவை மதிப்பீடு, சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் ஏற்படும் சேதத்தின் விலை என்று ஒவ்வோர் எடுகோளையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

ஒருமுறை ஆணைக்குழு அதைச் செய்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஒழுங்குறுத்தல் வரலாற்றில் இதைவிட முக்கியமான நிகழ்வு இல்லை என்பது என் கருத்து. 2018 முதல் 2037 வரைக்குமான திட்டத்தை மின்சார சபை 2017இல் சமர்ப்பித்தது. அதன் அடிப்படைத் திட்டத்தில் புதிய நிலக்கரி மின் நிலையங்கள் வரிசையாக இடம்பெற்றிருந்தன. நிலக்கரிக் கப்பல் வந்து இறங்கும் விலையை மட்டும் பார்த்தால் அது மலிவு என்பதில் சபையின் பொறியியலாளர்களுக்கு ஐயம் இருக்கவில்லை; நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இல்லாவிட்டால் நாடு எண்ணெய்க்கு எவ்வளவு செலுத்தியிருக்கும் என்று அவர்கள் கேட்டதும் நியாயமான கேள்வியே. ஆணைக்குழுவோ சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் ஏற்படும் சேதம் போன்ற வெளிப்புறச் செலவுகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து, 2017 ஜூலையில், புதிய நிலக்கரி நிலையங்கள் இல்லாமல், பெரும்பாலும் திரவ இயற்கை வாயுவைச் சார்ந்த ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. சபையின் பொறியியலாளர் சங்கம் கொதித்தெழுந்தது. திட்டம் எழுதுவது எங்கள் வேலை, ஆணைக்குழு அதை ஏற்கலாம் அல்லது திருப்பி அனுப்பலாம், தானே ஒரு திட்டத்தை எழுதித் தர முடியாது என்பது அவர்களின் வாதம்.

இழுபறி ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. அந்த ஓராண்டில் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்று இருந்தும் அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் ஏற்ற திட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை. சட்டம் சொல்வது போல அங்கீகரிக்கப்பட்ட திட்டத்துக்கு அமையவே கொள்வனவு நடக்க வேண்டுமானால், எதற்கு அமைய எதை வாங்குவது என்பதே தெளிவில்லாத நிலை. தொழிற்சங்க நடவடிக்கைகளுக்கும் அரசியல் மட்டப் பேச்சுகளுக்கும் பிறகு, 2018 நடுப்பகுதியில் ஆணைக்குழு சபையின் நிலக்கரித் திட்டத்துக்கே அங்கீகாரம் வழங்கியது. யார் வென்றார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்தத் திட்டத்தில் வெல்லப்பட்ட நிலக்கரி நிலையங்களில் ஒன்றுகூட இன்றுவரை எழவில்லை. 2021 செப்டெம்பரில், புதிய நிலக்கரி மின் நிலையம் கட்டமாட்டோம் என்று உறுதியளித்த நாடுகளின் கூட்டில் இலங்கையே முன்னணியில் நின்றது. ஆணைக்குழு கேட்ட வாயுவும் வரவில்லை. சபை கேட்ட நிலக்கரியும் வரவில்லை. 2019 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாளுக்கு மூன்று, நான்கு மணித்தியால மின்வெட்டு வந்தது.

இந்த இழுபறியில் ஆணைக்குழுவுக்குத் திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் இருந்தது என்றே நான் நம்புகிறேன். திருத்த முடியாத மேற்பார்வை வெறும் முத்திரை குத்தும் வேலையாகிவிடும். ஆனாலும் ஆணைக்குழுவை முழுவதாக ஆதரித்துப் பேசவும் என்னால் முடியவில்லை. இறக்குமதி முனையமோ குழாயோ இல்லாத ஒரு நாட்டில், வாயு எந்த ஆண்டில் எந்தக் கரையில் வந்து இறங்கும் என்பதைச் சோதித்து உறுதிப்படுத்தாமல் வாயு நிலையங்களை ஆண்டுக்கணக்கில் அட்டவணைப்படுத்துவதும் ஓர் எடுகோள்தானே. கெரவலப்பிட்டியில் வாயுவில் இயங்கக்கூடிய ஒரு நிலையத்துக்கு 2016இல் கேள்விமனு (விலைமனு) கோரப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்ற வாதப் பிரதிவாதத்திலேயே பல ஆண்டுகள் கழிந்து, அதன் முதற்கட்டம் 2024இல்தான் திறந்து வைக்கப்பட்டது. 350 மெகாவாட் திறன் கொண்டதாகத் திட்டமிடப்பட்ட அந்த நிலையத்துக்கு வேண்டிய இயற்கை வாயு இன்னமும் நாட்டுக்குள் வரவில்லை. உமா ஓயாவின் 120 மெகாவாட் நீர்மின் நிலையமும் அப்படியே. 2010இல் வேலை தொடங்கி, சுரங்கப்பாதையில் நீர் கசிந்து பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றி, ஈரானுக்கு எதிரான பொருளாதாரத் தடைகளால் பணமும் தடைப்பட்டு, 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திட்ட ஆவணத்தில் ஒரு நிலையத்தின் பெயருக்கு எதிரே ஓர் ஆண்டு எழுதப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டு கழித்து வரும் அடுத்த ஆவணத்தில் அதே பெயருக்கு எதிரே வேறோர் ஆண்டு இருக்கும். ஏன் மாறியது, அந்த மாற்றத்துக்கு நாடு எவ்வளவு விலை கொடுத்தது என்று தெளிவாகச் சொல்லும் அட்டவணையை நான் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

திட்டத்தில் எழுதியது இப்படி மாறிப்போவதற்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு மண்ணே சாட்சி. மூதூர் கிழக்கில் இருக்கும் சம்பூர் மக்கள் 2006இல் போரினால் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்கள் கிளிவெட்டியிலும் பிற இடங்களிலும் முகாம்களில் இருந்த காலத்தில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் மின்சார சபையும் சேர்ந்து அவர்களுடைய மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்க 2011இல் உடன்படிக்கை செய்தன. நீண்டகாலத் திட்டங்களில் அந்த நிலையம் உறுதியான ஒன்றாக இடம்பிடித்தது. 2015இல் மக்கள் மீளக் குடியேறத் தொடங்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது. அந்த முடிவை நான் மனதார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். மீளக் குடியேறிய புதிதில் அங்கு போனபோது ஒரு முதியவர் எனக்குக் காட்டிய கிணற்றுக் கட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டின் அடையாளமே இல்லை, பற்றைக்குள் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது; அதிலிருந்து எட்டு அடி தள்ளித்தான் எங்கள் அடுப்படி என்று அவர் காலால் அளந்து காட்டினார். அந்த நிலத்தின் மேல் ஒரு மின் நிலையத்தை வரைந்தபோது கணினி நிரலுக்கு அந்த அடுப்படி தெரிந்திருக்க நியாயம் இல்லை. அதைத் தெரியப்படுத்தத்தான் பொதுமக்கள் கலந்தாய்வு என்ற ஒன்று இருக்கிறது. முகாமில் இருந்தவர்களிடம் யாரும் கேட்க முடியாத காலத்தில் அந்த நிலையம் திட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

அதே வேளையில் ஒரு வணிக ஆசிரியனாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 500 மெகாவாட் திட்டத்திலிருந்து விலகியபோது, அந்த இடத்தை நிரப்பப் போவது எது, எந்த ஆண்டில், என்ன செலவில் என்ற கேள்விக்கு உடனடியான, கட்டுப்படுத்தும் தன்மை கொண்ட பதிலை யாரும் கேட்டு வாங்கவில்லை. விட்டுப்போன இடத்தை அவசர மின் கொள்வனவும் எண்ணெய் நிலையங்களின் ஒப்பந்த நீடிப்புகளும் நிரப்பின. 1996 வறட்சியிலும் இதேதான் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் நீரிலிருந்து வந்தது. அடுத்து வர வேண்டிய நிலக்கரி நிலையம் திருகோணமலை, மாவெல்ல, நுரைச்சோலை என்று இடம் மாறி மாறி எதிர்ப்புகளுக்கு நடுவே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இடைக்காலத்தை டீசல் நிலையங்கள் கைப்பற்றிக்கொண்டன. நுரைச்சோலையின் முதல் அலகு இயங்கியது 2011இல். ஒரு நிலையம் தள்ளிப்போவதற்குச் சில சமயம் மிக நல்ல காரணங்கள் இருக்கும். அப்படித் தள்ளிப்போகும்போது அதற்கு மாற்று உடனே வரையறுக்கப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது யாருடைய வேலை என்றால், அது ஒழுங்குறுத்துநரின் வேலை. திட்டம் அங்கீகரிக்கப்பட்ட கையோடு அது கைமாறி அமைச்சுக்கும் அமைச்சரவைக்கும் கேள்விமனுச் சபைகளுக்கும் போய்விடுகிறது. ஆணைக்குழுவின் மேசைக்கு அது திரும்பி வருவது நெருக்கடி வந்த பிறகுதான்.

அப்படித் திரும்பி வந்த காலத்தை நாங்கள் 2022இல் அனுபவித்தோம். எரிபொருள் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலமாக உயர்ந்தது. இருபது ஆண்டுகளை நோக்கிப் பார்க்க வேண்டிய ஆணைக்குழு, மின்வெட்டுக்காக எழுத்துகளால் பெயரிட்டுப் பிரித்த பகுதிகளில் எதற்கு எந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவது என்ற சபையின் கோரிக்கைகளை நாளுக்கு நாள் பரிசீலித்து அட்டவணைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வரும் மின்சாரத்துக்காகப் பகலில் தூங்கிப் பழகினார்கள். என்னிடம் கணக்கியல் கேட்க வந்த ஒரு பிள்ளையின் பயிற்சிக் கொப்பியில், ஒவ்வொரு பக்க ஓரத்திலும் மெழுகு சொட்டிய வட்டம் இருந்தது. நாணய நெருக்கடியை நீண்டகால மின் திட்டம் ஒன்று தடுத்திருக்க முடியாதுதான். ஆனால் குறித்த காலத்தில் காற்றாலைகளும் நீர்மின் நிலையங்களும் வந்திருந்தால், அந்த இரவுகளில் எங்களுக்குக் கப்பலில் வரும் எண்ணெய் அந்த அளவுக்குத் தேவைப்பட்டிருக்காது. மன்னாரில் 30 காற்றாலைகளோடு 100 மெகாவாட் தம்பபவனி நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டதை நினைத்துப் பார்க்கிறேன்; காற்று வீசும் அந்தக் கரையில் பெரிய நிலையமாக அது ஒன்று மட்டும் நின்றது.

நெருக்கடி, மேற்பார்வையை இறுக்குவதற்குப் பதிலாகத் தளர்த்திவிட்டது என்பது எனக்கு மிகவும் வேதனை தந்தது. 2022 ஜூனில் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்களுக்குப் போட்டிக் கேள்விமனு வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. விரைவு வேண்டும் என்றார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்க அதானி குழுமத்துடன் போட்டியின்றிப் பேசி, 2024இல் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலைக்கு அமைச்சரவை இணங்கியது. வழக்குகள் எழுந்தன, புதிய அரசாங்கம் விலையை மீளப் பேச முயன்றது, 2025 பெப்ரவரியில் அந்தக் குழுமம் விலகிக்கொண்டது. போட்டியைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன ஆண்டுகள் எங்கே போயின? திறந்த கேள்விமனு ஒன்றை 2022இலேயே விட்டிருந்தால், வலசைப் பறவைகள் பற்றியும் மீனவர்கள் பற்றியும் மன்னார் மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கும் தொடக்கத்திலேயே இடம் கிடைத்திருக்கும்.

ஆணைக்குழுவின் சுதந்திரமும் இதே காலத்தில் சோதனைக்கு வந்தது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் கட்டணம் ஏறியது. இரண்டாவது உயர்வை வெளிப்படையாக எதிர்த்த ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்க, 2023 மே 24ஆம் திகதி பாராளுமன்றத் தீர்மானத்தின் மூலம் 123க்கு 77 என்ற வாக்குகளால் பதவி நீக்கப்பட்டார். அவருடைய நிலைப்பாடு முழுவதும் சரியென்று நான் வாதிட வரவில்லை. செலவுக்குக் குறைவாகக் கட்டணம் வைத்துச் சபையைக் கடனில் ஓட்டியதன் பலனையும் நாங்கள்தான் அனுபவித்தோம். ஆனால் ஒழுங்குறுத்துநரின் தலைவர் அரசாங்கத்தோடு முரண்பட்ட சில மாதங்களில் வாக்கெடுப்பால் வெளியேற்றப்படுவதைப் பார்த்த பிறகு, அடுத்து அந்தக் கதிரையில் அமர்பவர் இருபது ஆண்டுத் திட்டம் ஒன்றைத் திருத்தி அனுப்ப எவ்வளவு துணிவார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது என் இன்வேர்ட்டருக்குத் திரும்பி வருகிறேன். கூரைச் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் தேசிய வேலைத்திட்டம் 2016இல் தொடங்கியது. 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது என்பது பின்னர் அரசின் கொள்கையாகி, திட்டங்களும் அதற்கமைய எழுதப்பட்டன. கூரைத் தகடுகள் மளமளவென்று ஏறி, 2025 சித்திரைக்குள் மொத்தம் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. ஏனென்றால் அவற்றை ஏற்றியவர்கள் என்னைப் போன்ற வீட்டுக்காரர்கள். எங்களுக்குக் கேள்விமனுச் சபையும் இல்லை, அமைச்சரவைப் பத்திரமும் இல்லை. ஆனால் பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேர்த்து வைக்கும் வேலை அரசின் கையில் இருந்தது. மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் அமைக்கலாம் என்று ஜப்பானிய உதவியோடு ஆய்வு நடந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. திட்டத்தில் அது இருக்கிறது, மலையில் இல்லை. மின்வலையமைப்பின் அலைவெண்ணை 50 ஹேர்ட்ஸில் தாங்கிப் பிடிப்பவை நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் கனத்த சுழலிகள். தகடுகள் தேவையின் பெரும்பங்கை நிறைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சுழலிகள் குறைவாக ஓடும்போது, பாணந்துறையில் நேர்ந்தது போன்ற ஒரு கோளாறைத் தாங்கும் வலு வலையமைப்பில் இருப்பதில்லை. பெரிய மின்கலத் தொகுதிகள் அதைத் தாங்கும். அவையும் திட்டத்தில் இருந்தன.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். திட்டத்தை அங்கீகரித்த ஆணைக்குழுவே, அதன் ஒவ்வொரு வரிக்கும் ஆண்டுதோறும் பகிரங்கமாகக் கணக்குக் கேட்க வேண்டும்: நிலையம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யாருடைய மேசையில் நிற்கிறது, ஓராண்டு தாமதத்தால் எவ்வளவு எண்ணெய் கூடுதலாக எரிந்தது, அந்தச் செலவு கட்டணத்தில் எத்தனை சதமாக ஏறியது. இது புதிய அதிகாரம் எதையும் கேட்பதாக எனக்குப் படவில்லை. கட்டணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஆணைக்குழுவிடமே இருக்கிறது, தாமதத்தின் செலவைக் கட்டணப் பிரேரணையில் தனி வரியாகக் காட்டும்படி அது கேட்கலாம். இரண்டாவதாக, எடுகோள்கள் திட்டத்தோடு சேர்த்து அல்லாமல், திட்டம் எழுதப்படுவதற்கு முன்பே பொது விசாரணைக்கு வர வேண்டும். நானூறு பக்கங்களையும் எழுதி முடித்த பிறகு கழிவு வீதத்தைக் கேள்வி கேட்பவனுக்கு யாரும் செவிகொடுக்கமாட்டார்கள். அதோடு, அந்த விசாரணை மூன்று மொழிகளிலும், மின் நிலையம் வரப்போகும் ஊரிலும் நடக்க வேண்டும். கொழும்பு மண்டபத்தில் நடப்பது சம்பூர்க்காரருக்குப் போதாது.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புதிய மின்சாரச் சட்டமும் 2025இல் அதற்கு வந்த திருத்தமும், மின்சார சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களுக்குப் பிரித்து, தேசிய முறைமை இயக்குநர் என்ற ஒன்றிடம் நீண்டகாலத் திட்டமிடலை ஒப்படைக்கின்றன. மின் நிலையத்துக்குச் சொந்தக்காரரே எந்த மின் நிலையம் வேண்டும் என்று எழுதும் பழைய சிக்கல் இதனால் குறையும் என்பதால் இதை நான் வரவேற்கிறேன். ஆனால் திட்டம் எழுதுபவரும் கட்டுபவரும் வாங்குபவரும் வேறு வேறாகிவிட்டால், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதும் எளிதாகிவிடும். அப்போது ஆணைக்குழுவின் கேள்வி இன்னும் கூர்மையாக இருக்க வேண்டியிருக்கும்.

நிலக்கரி வராத சம்பூர் நிலத்தில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான வேலைகள், 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் காணொளி வழியே தொடங்கிவைக்க, ஆரம்பமாயின. முதலில் 50, பிறகு 70 மெகாவாட். எட்டே நாள் கழித்துத்தான் நான் ஆளியை இழுத்தேன். அடுத்த நீண்டகாலத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு விடப்படும்போது அனுப்புவதற்காக, பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். முதற்பக்கத்தில் இருப்பது இது: சம்பூரிலிருந்து நண்பகலில் வரப்போகும் 120 மெகாவாட்டை மாலை ஏழு மணி வரை வைத்திருக்கப் போகும் சேமிப்பு எங்கே அமைகிறது, எந்த மாதத்தில் முடிகிறது, முடியாவிட்டால் அதை ஆணைக்குழுவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டிய அதிகாரியின் பதவிப்பெயர் என்ன?